ஃபால்ஸ் சீலிங் மூடுவதற்கு முன்: எந்த அறையில் என்ன விளக்கு, எங்கே?

கூரைப்பல்லி கேட்டது:

வீட்டு வேலை ஃபால்ஸ் சீலிங் கட்டத்தில் நிற்கிறது. சட்டம் அடித்தாயிற்று, போர்டு இன்னும் ஏற்றவில்லை. விளக்குப் பாயின்ட்களை மாற்றுவதென்றால் இப்போதுதான் மாற்ற முடியும்.

ஹால் 18 அடிக்கு 12 அடி. சீலிங் இறங்கிய பிறகு உயரம் 9½ அடி. நடுவில் 1200 மி.மீ. ஃபேன். நீளச் சுவர்களிலிருந்து 4 அடி தள்ளி இரண்டு வரிசை, வரிசைக்கு 4 வீதம் 12 வாட்ஸ் டவுன்லைட் 8 போடலாம் என்று வரைந்து கொடுத்திருக்கிறார்கள். எல்லாம் 6500 கெல்வின் (நீலம் கலந்த வெள்ளை நிறம்), ஒரே சுவிட்ச். சமையலறையிலும் ஒவ்வொரு படுக்கையறையிலும் அறையின் நடுவில் நாலு நாலு. குளியலறையில் கண்ணாடிக்கு மேலே ஒன்று. மாடிப்படிக்கு ஒரு பல்பு.

இந்த எண்ணிக்கை போதுமா, அதிகமா? எந்த அறைக்கு எந்த நிறம்? டேபிள் லாம்ப், ஸ்டாண்ட் லாம்ப் வைப்பதென்றால் இப்போதே எதற்கு வயர் இழுக்க வேண்டும்? வீட்டில் 70 வயதைத் தாண்டியவர்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள். அதில் ஒருவர் நிறையப் படிப்பவர்.

மரச்சட்டம்:

ஹாலில் வெளிச்சத்தின் அளவு குறையவில்லை, விளக்கின் இடம்தான் தப்பு. கணக்கைப் பாருங்கள். 8 × 12 = 96 வாட்ஸ். சாதாரண எல்இடி டவுன்லைட் ஒரு வாட்ஸுக்கு 85 லூமன் (விளக்கு வெளிவிடும் ஒளியின் அளவு) தருகிறது என்று வைத்தால் சுமார் 8000 லூமன். சுவர், தரை, துணி எல்லாம் உறிஞ்சியது போக ஏறக்குறைய பாதிதான் பயன்படும்: 4000. உங்கள் ஹால் 20 சதுர மீட்டர். ஆக 200 லக்ஸ், அதாவது சதுர மீட்டருக்கு 200 லூமன். உட்கார்ந்து பேசுகிற அறைக்கு 100 முதல் 150 லக்ஸ் தாராளம். சுவர் வெள்ளையாக இருந்தால் இந்தப் பாதிக் கணக்கு சரிவரும். அடர்ந்த நிறமோ மரப்பலகையோ அடித்திருந்தால் இன்னும் குறையும்.

தப்பு எங்கே என்றால், முதலில் ஃபேன். 18 அடியை நாலாகப் பிரித்து விளக்கு வைத்தால் வரிசையின் நடு விளக்குகள் ஃபேன் மையத்திலிருந்து நீளவாக்கில் 69 செ.மீ., குறுக்கில் 61 செ.மீ. தள்ளி வரும். நேர்க்கோட்டில் அளந்தால் 92 செ.மீ. இறக்கையின் நுனி மையத்திலிருந்து 60 செ.மீ. ஆக, நுனிக்கும் விளக்குக்கும் 32 செ.மீ.தான் இடைவெளி. இறக்கை சீலிங்கிலிருந்து 30 செ.மீ. கீழே சுற்றும். தட்டையான டவுன்லைட்டின் ஒளி பக்கத்துக்கு 60 டிகிரி வரை விரியும். அதனால் இறக்கை அந்த ஒளியை வெட்டியே தீரும். மூன்று இறக்கை ஃபேன் நிமிடத்துக்கு 300 சுற்று சுற்றினால் நொடிக்கு 15 வெட்டு. தரையும் சுவரும் படபடவென்று துடிக்கும். தலைவலிக்கும் காரணம் தெரியாது, ‘விளக்கு மட்டம்’ என்று மாற்றிக்கொண்டே இருப்பார்கள்.

அகல ஒளி விளக்கு என்றால் ஃபேன் மையத்திலிருந்து குறைந்தது 115 செ.மீ. தள்ளுங்கள். 36 டிகிரி குறுகிய ஒளி விளக்கு 80 செ.மீ.யில் இருந்தாலும் பெரும்பாலும் தப்பிக்கும்.

என் யோசனை இது. நடு நாலையும் எடுத்துவிடுங்கள். மிச்சம் நாலு 12 வாட்ஸ் இருக்கும். வாசலில் நுழைந்ததும் கண்ணில் படுகிற 12 அடிச் சுவரைத் தேர்ந்தெடுத்து, அதிலிருந்து 75 செ.மீ. தள்ளி, ஒன்றுக்கொன்று 90 செ.மீ. இடைவெளியில், மூலையிலிருந்து 45 செ.மீ. விட்டு, நாலு 7 வாட்ஸ் விளக்கு. இவை சுவரைக் கழுவினாற்போல் வெளிச்சமாக்கும். அந்தப் பக்கம் ஏற்கெனவே இருக்கும் இரண்டு 12 வாட்ஸை சுவரிலிருந்து 5 அடிக்கு நகர்த்திவிடுங்கள். பிறகு சோபாவின் இரு கோடியில் 800 லூமன் பல்பு போட்ட லாம்ப் இரண்டு. கூட்டிப் பார்த்தால் மறுபடி அதே 8000 லூமன்தான். ஆனால் அறை பெரிதாகத் தெரியும், ஏனென்றால் நிமிர்ந்து நிற்கிற பரப்பைத்தான் கண் முதலில் பார்க்கிறது. தரை பளீரென்று இருந்து சுவர் மங்கியிருந்தால் குகைக்குள் உட்கார்ந்த மாதிரி இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. அந்த நாலு விளக்கையும் சுவரிலிருந்து 15, 20 செ.மீ.யில் வைத்துவிடாதீர்கள். ஒளி சுவரை உரசிக்கொண்டு இறங்கும். பட்டி பார்த்தவர் கரண்டி இழுத்த ஒவ்வொரு தடமும் நிழல் விழுந்து தெரியும். கல் பதித்த சுவருக்கு அந்த உரசல் அழகு. பெயின்ட் சுவருக்கு அது குற்றப்பத்திரிகை.

சோபாவில் உட்காருகிறவர் தலைக்கு நேர் மேலே டவுன்லைட் வேண்டாம். கண்ணுக்குக் கீழே குழி விழுந்த மாதிரி நிழல் வரும். லாம்ப் வைக்கும்போது ஷேடின் கீழ் விளிம்பு உட்கார்ந்தவர் கண் மட்டத்துக்கு, அதாவது தரையிலிருந்து 100 முதல் 110 செ.மீ.க்கு, வரட்டும். உயர்ந்தால் பல்பு கண்ணில் குத்தும். தாழ்ந்தால் மடியில் மட்டும் வெளிச்சம் விழும். டிவிக்கு எதிர்ச் சுவரில் லாம்ப் வைத்தால் திரையில் அது இரண்டாவது நிலா மாதிரி தெரியும், பக்கவாட்டுக்கு நகர்த்துங்கள். மேல்நோக்கி ஒளி விடுகிற ஸ்டாண்ட் லாம்பை ஃபேன் பக்கத்தில் வைத்தாலும் இறக்கை நிழல் சீலிங்கில் ஓடும். மூலையில் வைப்பதுதான் சரி.

ஃபேஸ்நியூட்ரல்:

மேலே சொன்ன இடமெல்லாம் சரி. வயர் பக்கம் நான் சொல்றேன், போர்டு ஏத்திட்டா அப்புறம் புலம்பி பிரயோஜனமில்ல.

ஹாலுக்கு ஒரே சுவிட்ச்னு போடாதீங்க. நாலு 12 வாட்ஸ் ஒரு சுவிட்ச், சுவர் விளக்கு நாலும் ஒரு சுவிட்ச், லாம்புக்கு ஒண்ணு. லாம்புக்கு எப்படின்னா, சோபா ரெண்டு கோடியிலும் தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்துல 6 ஆம்ப் சாக்கெட் வச்சு, அந்த சாக்கெட்டுக்குப் போற ஃபேஸை (கரண்ட் வர்ற வயரை) வாசல் போர்டுல இருக்கிற சுவிட்ச் வழியா எடுத்துட்டு வாங்க. உள்ள நுழைஞ்சதும் ஒரு தட்டுல ரெண்டு லாம்பும் எரியும். இல்லேன்னா இருட்டுல குனிஞ்சு தடவணும்; ஒரு மாசத்துல லாம்ப் வெறும் பொம்மையாயிடும். அந்த சாக்கெட்ல சார்ஜர் சொருகக் கூடாதுன்னு வீட்ல சொல்லி வைங்க, பக்கத்துலயே வாசல் சுவிட்ச் வழியா போகாத நேர் சாக்கெட் ஒண்ணு போட்டுடுங்க.

லைட்டிங்குக்கு 1.5 சதுர மி.மீ. காப்பர், எர்த் வயரோட. எல்லா சுவிட்ச் பெட்டிக்கும் நியூட்ரல் (கரண்ட் திரும்பிப் போற வயர்) கொண்டு வந்து முனையை மூடி விட்டுடுங்க. இன்னிக்குத் தேவையில்ல, ஆனா நாளைக்கு சென்சாரோ ஸ்மார்ட் சுவிட்சோ போடணும்னா நியூட்ரல் இல்லாம நிறைய மாடல் வேலை செய்யாது.

சுவிட்ச் அணைச்சும் எல்இடி மங்கலா மினுங்குதுன்னு நிறையப் பேர் கேக்கறாங்க. மூணு காரணம். சுவிட்ச் ஃபேஸை வெட்டாம நியூட்ரலை வெட்டுது; இது ஆபத்து, ஹோல்டர்ல கை வச்சா ஷாக் அடிக்கும், உடனே மாத்தணும். ரெண்டாவது, சுவிட்ச்ல சின்ன இண்டிகேட்டர் லைட் இருக்கு, அது வழியா கசியற கரண்ட் எல்இடிக்குப் போதும். மூணாவது, நீளமான பைப்புல ஒட்டி ஓடற வயர்கள்லேர்ந்து தூண்டல்ல வர்ற வோல்டேஜ். கடைசி ரெண்டுக்கும் விளக்குப் பக்கத்துல அதுக்குன்னு விக்கிற கெப்பாசிட்டர் ஒண்ணு இணைச்சா நிக்கும்.

டிம்மர் வேணும்னா ‘டிம் ஆகும்’னு அட்டையில போட்ட விளக்குதான் வாங்கணும். பழைய குண்டு பல்புக்குப் போட்ட டிம்மர் பெரும்பாலும் லீடிங் எட்ஜ் (கரண்ட் அலையோட தொடக்கத்தை வெட்டற வகை), குறைஞ்ச லோடே 40 வாட்ஸ்னு இருக்கும். அதுல 7 வாட்ஸ் எல்இடி ரெண்டு போட்டா துடிக்கும், ரீங்காரம் போடும். எல்இடிக்கு டிரெயிலிங் எட்ஜ் (அலையோட முடிவை வெட்டற வகை) டிம்மர் எடுங்க.

மாடிப்படிக்கு டூ-வே, அதாவது ரெண்டு இடத்துலேர்ந்து ஒரே விளக்கைப் போட்டு அணைக்கற வசதி, கட்டாயம். மேலயும் கீழயும் டூ-வே சுவிட்ச், நடுவுல ரெண்டு வயர் கூடுதலா ஓடணும். நடு லாண்டிங்லயும் சுவிட்ச் வேணும்னா அங்க இன்டர்மீடியட் சுவிட்ச், அதுக்கு நாலு முனை. பைப்புல இடம் விட்டு இழுங்க. படுக்கையறைக்கும் அதே மாதிரி கதவுகிட்ட ஒண்ணு, கட்டில்கிட்ட ஒண்ணு.

வெள்ளைத்தாள்:

எதற்கு இவ்வளவு யோசனை? எல்லாவற்றையும் 6500 போட்டால் பளிச்சென்று இருக்கும். மஞ்சள் வெளிச்சத்தில் வயதானவர்களுக்குக் கண் தெரியாது.

மரச்சட்டம்:

வயதானவர்களுக்கு வேண்டியது கூடுதல் அளவு. நிறம் அந்தக் குறையை ஈடுகட்டாது. வயது ஏற ஏறக் கண்மணி முன்போல் விரியாது, லென்ஸும் மஞ்சள் பூக்கிறது. 20 வயதுக்காரர் படிக்கிற அதே புத்தகத்தை 70 வயதில் படிக்க இரண்டு மடங்குக்கு மேல் வெளிச்சம் வேண்டும். ஆனால் அதே கண்ணுக்குத்தான் கூச்சமும் அதிகம், ஒளி உள்ளே சிதறுவதால். ஆகவே அறை முழுக்கப் பளீரென்று ஆக்குவது மருந்தல்ல. படிக்கிற நாற்காலிக்குப் பக்கத்தில், தோளுக்குச் சற்றுப் பின்னால், பல்பு கண்ணில் படாத மூடிய ஷேடுடன் ஒரு லாம்ப். தாளின் மேல் 500 லக்ஸுக்குக் குறையாமல் விழட்டும். 800 லூமன் பல்பு தாளிலிருந்து 50, 60 செ.மீ. தூரத்தில் இருந்தால் அது கிடைத்துவிடும். இதே பல்பு சீலிங்கில் இருந்தால் கிடைக்காது: தூரம் இரட்டித்தால் வெளிச்சம் நாலில் ஒரு பங்காகிவிடும்.

நிறத்துக்கு என் கணக்கு: ஹால், படுக்கையறை, சாப்பாட்டு மேசை 3000 கெல்வின் (இளமஞ்சள்; எண் ஏற ஏற நீலம் கூடும்). சமையல் மேடை, படிப்பு மேசை, துணி மடிக்கிற இடம், குளியலறைக் கண்ணாடி 4000. 6500 என்பது மேகம் மூடிய பகல் வானத்தின் நிறம். அந்த நீலம் இரவில் தூக்கத்தையும் தள்ளிப்போடும். ஒன்று மட்டும் மறக்காதீர்கள், ஒரே பார்வையில் படுகிற இடத்தில் இரண்டு நிறம் கலக்க வேண்டாம். திறந்த சமையலறை என்றால் ஹாலுக்கும் அதற்கும் ஒரே நிறமாக 3500 கிடைத்தால் அதையே போட்டுவிடலாம்.

அட்டையில் கெல்வினுக்கு அடுத்தபடி சிஆர்ஐ பாருங்கள், பொருளின் நிறத்தை விளக்கு எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதன் எண் அது. 80 பொதுவாகப் போதும். கண்ணாடி முன்னும் சாப்பாட்டு மேசையிலும் 90. குறைந்த சிஆர்ஐ விளக்கில் முதலில் அடிபடுவது சிவப்பு: தக்காளி பழுப்பாகவும் முகம் சாம்பல் பூசியதாகவும் தெரியும். வெள்ளை நிறத்தைக் கூட்டி இதைச் சரிசெய்ய முடியாது.

அடுக்களை அளவுகோல்:

சமையலறை நடுவில் நாலு டவுன்லைட் என்றால் ஆள் மேடைப் பக்கம் திரும்பி நிற்கும்போது விளக்கு முதுகுக்குப் பின்னால். கத்தியும் விரலும் அவர் நிழலுக்குள். 100 வாட்ஸ் போட்டாலும் அந்த நிழல் போகாது.

வெளிச்சம் மேல் அலமாரியின் அடியிலிருந்து வர வேண்டும். ஸ்ட்ரிப் லைட்டை அலமாரி அடிப்பலகையின் முன் விளிம்பில், சுவரைப் பார்த்துச் சாய்ந்த 45 டிகிரி அலுமினிய ப்ரொஃபைலில் ஒட்டுங்கள். பின்சுவரை ஒட்டிப் போட்டால் டைல்ஸ் மட்டும் மின்னும், மேடையின் முன்பாதி இருட்டாகவே இருக்கும். ப்ரொஃபைல் இல்லாமல் பலகையில் நேரே ஒட்டினால் இரண்டு கெடுதல்: சூடு வெளியேறாமல் எல்இடி சீக்கிரம் மங்கும், ஆவி பட்டுப் பசை விட்டு ஸ்ட்ரிப் தொங்கும். பளபளக்கும் கிரானைட் மேடை என்றால் புள்ளி புள்ளியாக எல்இடி பிரதிபலிக்கும். அதற்குப் பால்வெள்ளை மூடி, அல்லது எல்இடி நெருக்கமாகப் பதித்து ஒரே கோடாக ஒளிரும் சிஓபி ஸ்ட்ரிப்.

மீட்டருக்கு 10 வாட்ஸ் போதும். மேடை 2.4 மீட்டர் என்றால் 24 வாட்ஸ். டிரைவரை (ஸ்ட்ரிப்புக்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றித் தரும் பெட்டி) அதன் திறனில் 80 சதவீதத்துக்கு மேல் ஓட்டக் கூடாது என்பதால் 24 ÷ 0.8 = 30. கடையில் அதற்கு மேல் கிடைக்கிற அடுத்த அளவு, 36 வாட்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள், எடுங்கள். 12 வோல்ட்டைவிட 24 வோல்ட் நல்லது. அதே வாட்ஸுக்குக் கரண்ட் பாதி, ஆகவே நீள ஓட்டத்தில் கடைசி முனை மங்காது. 5 மீட்டருக்கு மேல் ஒரே கோடாகத் தொடராமல் இரு முனையிலும் சப்ளை கொடுங்கள். டிரைவரை அடுப்புக்கு மேல் அலமாரியில் மறைத்து வைக்காதீர்கள். அதற்குள் இருக்கும் கெப்பாசிட்டரின் எதிரியே சூடுதான், 10 டிகிரி ஏறினால் ஆயுள் பாதி. எட்டி மாற்றக்கூடிய, காற்றோட்டமான இடம் பாருங்கள்.

குளியலறைக் கண்ணாடிக்கு மேலே ஒன்று என்பதையும் மாற்றுங்கள். கண்ணாடியின் இரு பக்கமும், நடு உயரம் தரையிலிருந்து 155 முதல் 165 செ.மீ., ஒன்றுக்கொன்று 75 முதல் 90 செ.மீ. தள்ளி இரண்டு நீள விளக்கு. முகத்துக்கு இரு பக்கமும் சமமாக ஒளி வந்தால்தான் தாடைக்குக் கீழே நிழல் விழாது, சவரத்தில் கீறாது. ஐபி44 (நீர் தெறித்தாலும் தாங்கும் என்ற குறியீடு) கட்டாயம். ஷவருக்கு மேலே வருவது அதைவிடக் கூடுதலாகத் தாங்கும் ஐபி65 ஆக இருக்கட்டும்.

சாப்பாட்டு மேசை மேல் தொங்கும் விளக்கு என்றால் ஷேடின் அடி மேசைப் பரப்பிலிருந்து 75, 80 செ.மீ. ஃபேன் காற்றில் ஊசலாடும் இடமாக இருந்தால் தொங்கும் விளக்கே வேண்டாம், கம்பியில் நிற்கிற மாதிரி எடுங்கள்.

கூரைப்பல்லி:

எல்லோருக்கும் நன்றி. ஹால் வரைபடத்தைத் திருத்தக் கொடுத்துவிட்டேன். இன்னும் இரண்டு. படுக்கையறையில் நாலையும் எடுத்துவிடலாமா? சீலிங்கில் ஓட்டை போடுமுன் இடம் சரிதானா என்று சோதிக்க வழி உண்டா?

மரச்சட்டம்:

நாலையும் எடுக்க வேண்டாம். இரண்டை அலமாரி முன்னால் கொண்டு போங்கள், அலமாரிக் கதவிலிருந்து 60 செ.மீ. தள்ளி. அதற்கும் கிட்டே வைத்தால் திறந்த கதவே ஒளியை மறைக்கும். தலையணைக்கு மேலே எதுவும் வரக் கூடாது. படுத்தவர் நேரே பார்ப்பது சீலிங்கைத்தான். கட்டிலின் இரு பக்கமும் சுவர் விளக்கு, மெத்தைப் பரப்பிலிருந்து 65, 70 செ.மீ. மேலே, 400 லூமன், படுத்தபடியே கை எட்டுகிற தனித்தனி சுவிட்ச்.

இரவில் எழுந்து போகிறவர்களுக்குக் கட்டில் அடியிலும் குளியலறை வழியிலும் தரையிலிருந்து 30 செ.மீ.யில் சென்சார் விளக்கு. 50 லூமனுக்குள், 2700 கெல்வின் அல்லது அதற்கும் கீழே. சென்சார், நடப்பவர் குறுக்கே கடக்கிற மாதிரி இருந்தால்தான் சட்டென்று பிடிக்கும். நேர் எதிரே வருபவரை அது தாமதமாகத்தான் உணரும். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் வைத்தால் ஒன்றுமே உணராது.

சோதனைக்கு: நீள வயரில் ஹோல்டர், அதில் நீங்கள் வாங்கப்போகும் அதே நிறம், அதே லூமன் பல்பு. இரவில், குறித்த இடத்தில் சட்டத்தில் கட்டுங்கள். அதில் கதிர்க் கோணம் தெரியாது, ஆனால் கூச்சமும் நிழலும் தெரியும். உட்காருகிற இடத்தில் உட்கார்ந்து, படுக்கிற இடத்தில் படுத்துப் பாருங்கள். நின்று பார்த்தால் எதுவும் தப்பாகத் தெரியாது. கோணத்துக்குக் கணக்கு போதும்: சீலிங்கிலிருந்து மேசை வரை 2.15 மீட்டர் என்றால் 24 டிகிரி விளக்கு மேசையில் 90 செ.மீ. வட்டம் போடும், 36 டிகிரி 1.4 மீட்டர், 60 டிகிரி 2.5 மீட்டர்.

ஃபேஸ்நியூட்ரல்:

ஓட்டை விஷயம் சேத்துக்கறேன். விளக்கு கையில வர்ற வரைக்கும் போர்டை அறுக்க விடாதீங்க. 12 வாட்ஸ்னு ஒரே பேர்ல வந்தாலும் கம்பெனிக்குக் கம்பெனி அளவு மாறும். அட்டையில வெளி விட்டம் வேற, கட்-அவுட் (போர்டுல அறுக்க வேண்டிய ஓட்டை அளவு) வேற. வெளி விட்டத்துக்கு அறுத்தா விளக்கு பொத்துனு கீழ வந்துடும். போர்டு ஏத்தறதுக்கு முன்னாடி சட்டம் ஓடற கோட்டை சுவர்ல பென்சில்ல குறிச்சு, போட்டோவும் எடுத்து வச்சுக்கோங்க. மேல போனப்புறம் ஓட்டை நடுவுல இரும்புச் சட்டம் வந்தா அதை வெட்டச் சொல்லுவாங்க, வெட்ட விடாதீங்க, விளக்கை 5 செ.மீ. நகர்த்துங்க. கண் கூசாத குழிவான ஆன்டி-கிளேர் மாடல் உயரமா இருக்கும், சீலிங்குக்கும் ஸ்லாபுக்கும் நடுவுல 10 செ.மீ.யாவது இருக்கான்னு அளந்துட்டு ஆர்டர் போடுங்க. ஒவ்வொரு மாடல்லயும் ரெண்டு கூடுதலா அதே பேட்ச்ல வாங்கிப் பரண்ல போடுங்க. ரெண்டு வருஷம் கழிச்சு ஒண்ணு போனா, அதே 3000 கெல்வின்னு வாங்கி மாட்டினாலும் நிறம் ஒட்டாது.